'பைத்தியக்கார விடுதி' அல்ல, பள்ளிக்கூடம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் கென்னடி குடும்பத்தைப் பற்றிய கட்டுரையில், 'மூளையை அறுத்து, கன்னியாஸ்திரிகளின் பைத்தியக்கார விடுதியில் ரோஸ்மேரியை அடைத்துவிட்டார்கள்' என்று ஒரு வரி. ரோஸ்மேரி, அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடியின் தங்கை. எட்டு ஆண்டுகளை ஒரு காற்புள்ளியில் தாண்டிவிட்டார் கட்டுரையாளர்.

அறுவை நடந்தது 1941 நவம்பரில். செய்தவர்கள் ஃப்ரீமன், வாட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள். ஒப்புதல் தந்தவர் பெற்ற தகப்பன். அந்தப் பெண்ணுக்கு அப்போது 23 வயது. நடையும் பேச்சும் குலைந்த நிலையில் நியூயார்க் பக்கம் ஒரு மருத்துவமனையில் பல ஆண்டுகள் கிடந்தார். 1949இல்தான் விஸ்கான்சின் மாநிலத்து ஜெஃபர்சனில் இருந்த, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான புனித கொலெட்டா பள்ளிக்கு வந்தார். அங்கே அவருக்கென்று தனி வீடு, துணைக்கு சிஸ்டர்கள். 2005 ஜனவரியில் 86 வயதில் இறக்கும்வரை அவருக்கு அதுதான் வீடு. கத்தியைப் பிடித்தவர்களை விட்டுவிட்டுச் சோறு ஊட்டியவர்கள் மீது பழி போடுவது எந்த ஊர் நியாயம்?

1904இல் பிரான்சிஸ்கன் கன்னியர் தொடங்கிய பள்ளி அது. முதலில் 'பின்தங்கிய இளைஞர் நிலையம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்று கேட்டால் கூசுகிறது. ஆனால் அவர்கள் அந்தப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். தங்கள் இதழ் இன்னும் 'மூளை வளர்ச்சி குன்றியவர்' என்பதை விடவில்லை. 1947இல் பாஸ்டன் பேராயர் குஷிங், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹனோவரில் இதே போல ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவரது கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. இத்தகைய குழந்தைகளுக்கு அரசுப் பள்ளிகள் கல்வி தந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க அரசு சட்டம் போட்டதோ 1975இல். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததா?

நான் கிறிஸ்தவள் அல்ல. ஏழு வயதில் என் தம்பியைச் சேர்க்கப் போனபோது, "இவனுக்கு ஸ்லேட்டே வீண்" என்று என் அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார் ஒரு தலைமையாசிரியர். சேர்த்துக்கொண்டவர்கள் கான்வென்ட் சிஸ்டர்கள். 'மதம் மாற்றிவிடுவார்கள்' என்று உறவினர்கள் பயமுறுத்தினார்கள். அவன் நெற்றியில் திருநீறு இன்றும் அப்படியே இருக்கிறது. மாறியது, பஸ் நம்பரைப் படித்து, டிக்கெட்டுக்குச் சரியாகச் சில்லறை எண்ணிக் கொடுத்து, தனியாக வீடு வந்து சேரக் கற்றுக்கொண்டது மட்டும்தான். அவனால்தான் நான் சிறப்பாசிரியர் ஆனேன்.

இன்னொன்றும் மனத்தில் கிடக்கிறது. எழுத்துகளைக் குழப்பிக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிய பழைய கட்டுரை ஒன்றுக்கு 'மந்த புத்தி மேதைகள்' என்று தலைப்புக் கொடுத்தீர்கள். கற்றல் குறைபாடு வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே கற்றல் குறைபாட்டுக்குத் தனி விளக்கம் தருகிறது. தீபாவளி மலரில் 'மென்டல்' என்று ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. அதைக் கண்டித்து இரண்டு பக்கம் எழுதினேன். தாங்கள் வெளியிட்டது முதல் வரியை மட்டும்: 'மலர் அருமை.'

நான் கேட்பது இரண்டே வரித் திருத்தம். அது பள்ளி, அறுவைக்கும் அதற்கும் தொடர்பில்லை, அவ்வளவுதான். இடம் இல்லையென்றால் 'மலர் அருமை' என்ற அந்தப் பாராட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்த இடத்தில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பாசிரியர்,
திண்டுக்கல்.