ரோஜா ஓசூரிலிருந்து வரட்டும், பிச்சி இங்கேயே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காதலர் தினத்தையொட்டித் தங்கள் இணைப்பிதழில் வந்த பரிசுப் பட்டியலை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையினரும் படித்தோம். கரடி பொம்மை, இதய வடிவத் தலையணை, பெயர் அச்சிட்ட கோப்பை, நீளக் காம்பு ரோஜா, சாக்லேட் பெட்டி. சென்னையில் இருப்பவருக்கும் செண்பகராமன்புதூரில் இருப்பவருக்கும் ஒரே பட்டியல். கொடுப்பவன் ஆண், வாங்கிக்கொள்பவள் பெண் என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை. பேரன் பேத்தி எடுத்தவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. என் மாமியாருக்கு அதில்தான் கோபம்.

முதலில் ரோஜாவைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளைப் பூச்சந்தைக்கு அது ஓசூர், பெங்களூரு பக்கமிருந்து வருகிறது. பசுமைக்குடிலில் வளர்த்து, மொட்டாக இருக்கும்போதே அறுத்து, குளிரூட்டி வைத்து, பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்கென்றே அனுப்புகிறார்கள். தரமானவை விமானம் ஏறிவிடும். எஞ்சியவை இரவெல்லாம் பயணம் செய்து கல்லூரி வாசலுக்கு வந்து சேரும்போது விலை இருக்கிறது, மணம் இல்லை. இங்கேயோ ஆரல்வாய்மொழி, குமாரபுரம், எங்கள் ஊர்த் தோட்டங்களில் விடியுமுன் பறித்த பிச்சிப்பூ சந்தைக்கு வந்துவிடுகிறது. காலையில் மொட்டாகத் தொடுத்தால் சாயங்காலம் விரியும். இரவு முழுக்க வீடு மணக்கும். சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இளைஞர்கள் இதை விட்டுவிட்டு ஓசூர் ரோஜாவுக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அந்த நேரம் பிச்சி மலிவு என்றும் சொல்ல மாட்டேன். பனியில் வரத்து குறைந்துவிடும். முகூர்த்த நாளும் சேர்ந்துகொண்டால் கிலோ ஆயிரங்களைத் தொடும். ஆனால் காதலிக்கு யார் கிலோக்கணக்கில் வாங்குகிறார்கள்? இரண்டு முழம் போதாதா?

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு மாணிக்கமாலை இருக்கிறது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை ஆகியவற்றை மடித்துத் தட்டையாகக் கட்டுவார்கள். பார்வைக்குக் கல் பதித்தது போலவே இருக்கும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகும் மாலை அது. 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் அதைப் பெருமையாக அச்சிட்ட நாளிதழ்கள், பரிசுப் பக்கத்தில் மறந்துவிடுகின்றன. கோயில் நகை செய்யும் வடசேரித் தொழிலாளர்களுக்கும் இதே கதைதான்.

அன்பைச் சொல்ல ரோஜாவையும் சாக்லேட்டையும் தவிர வேறு வழக்கமே கிடையாது என்ற எண்ணத்தையும் அந்தப் பட்டியல் உண்டாக்குகிறது. ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று சாக்லேட் கொடுப்பவர்கள் பெண்கள். ஆண்கள் மார்ச் 14 அன்று திருப்பிக் கொடுக்க வேண்டும். பின்லாந்தில் அது நண்பர்களின் நாள். ஸ்பெயினின் கட்டலோனியாவில் ஏப்ரல் 23 அன்று ரோஜாவும் புத்தகமும் கைமாறுகின்றன. எனக்கு மிகவும் பிடித்தது வேல்ஸ் நாட்டுப் பழைய வழக்கம். காதலன் ஒரே மரத்துண்டில் கரண்டி செதுக்கி, அதன் பிடியிலேயே சங்கிலியும் இதயமும் குடைந்து கொடுப்பானாம். நம் ஊரில் சிரட்டை அகப்பை செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காதலர்கள்தாம் அவர்களிடம் போவதில்லை.

இந்த மாவட்டத்துக்குப் பரிசு கொடுக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். கோடாலித் தைலம் மூட்டுவலிக்கார அம்மாவுக்கு, டார்ச் விளக்கு இரவில் தோட்டத்துக்குப் போகும் அப்பாவுக்கு, அத்தர் மச்சானுக்கு என்று ஆள் பார்த்து வாங்கியிருப்பார்கள். விடுமுறை முடிந்து திரும்பும்போது மனைவி கட்டிக் கொடுக்கும் பெட்டியிலும் அதே கணக்கு உண்டு: ஏத்தங்காய் சிப்ஸ் எந்தப் பதத்தில் இருந்தால் அவருக்குப் பிடிக்கும், மீன் ஊறுகாயில் எவ்வளவு காரம் வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர்கள் வாரக்கணக்கில் கரை காண்பதில்லை. அந்த வீடுகளுக்குப் பதினான்காம் தேதி ஒரு பொருட்டே இல்லை. அவர் கரையேறும் நாள்தான் நாள். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒருவருக்கு, தலையில் கட்டிக்கொள்ளும் நல்ல விளக்கு ஒன்றை அவர் மனைவி வாங்கிக் கொடுத்தார். இருட்டில் பழைய விளக்கு மங்கியதால் கணவர் கத்தியைக் கண்ணருகே பிடித்துத் தடவிப் பார்ப்பதைக் கவனித்தவர் அந்த மனைவி. இப்படிக் கவனித்து வாங்கிய பொருள் ஒன்றுகூட உங்கள் பட்டியலில் இல்லை.

மறுபக்கம், காதலர் தினமே நம் பண்பாடு இல்லை என்று ஆண்டுதோறும் கடற்கரையில் ஜோடிகளை விரட்டக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குமரி அம்மன் கதையை யாராவது நினைவூட்டினால் நல்லது. சுசீந்திரத்திலிருந்து மணமகனாகப் புறப்பட்ட ஈசனை நாரதர் சேவலாகக் கூவித் திருப்பி அனுப்பினார் என்றும், சமைக்காமல் போன கல்யாண அரிசிதான் நம் கடற்கரையின் பலநிற மணல் என்றும் சொல்கிறார்கள். காத்திருந்த ஒரு மணப்பெண்ணைக் கும்பிடும் ஊரில் நின்றுகொண்டு காதல் வெளிநாட்டுச் சரக்கு என்பது கொஞ்சம் அதிகம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது நடைமுறை சார்ந்தது. புனித வாலண்டைன் திருநாளை 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டாலும், நாட்காட்டி நம்மை விடுவதாக இல்லை. 2018-இலும் 2024-இலும் பிப்ரவரி 14, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனாக வந்தது. நோன்பும் ஒருசந்தியுமாக இருக்கும் நாளில் இந்த மாவட்டத்தில் பல வீடுகளில் சாக்லேட் பெட்டியைப் பிரிக்க முடியாது. 2029-இலும் அப்படித்தான் வருகிறது. அந்த ஆண்டுக்கான பட்டியலைத் தயாரிக்கும்போது சாக்லேட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிச்சியைப் போடுங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். மாமியார் கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செண்பகராமன்புதூர், கன்னியாகுமரி மாவட்டம்.