பக்கிங்காம் கால்வாய்க் கரையில் பிழைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெரியவர்களே, வணக்கம்.

சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் இரு கரையிலும் ஒரு காலத்தில் நடந்த தொழில்களைத் தொகுக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. படகு இழுத்தவர்கள், கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் சூளை போட்டவர்கள், விறகுத் தொட்டி என்ற விறகு மண்டியில் தராசு பிடித்தவர்கள், நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் லாக்கின் கதவு திறந்தவர்கள், உப்பு மூட்டை சுமந்தவர்கள் எனப் பலரும் பேசினீர்கள். பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் சொல்லிவிட்டதால், தொழிலைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

கால்வாயின் வரலாறு ஏட்டில் கிடைக்கிறது. 1806-ல் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி எண்ணூர் வரை வெட்டியது, 1837-ல் அரசு எடுத்துக்கொண்டது, தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் 8 கிலோமீட்டர்த் துண்டை நிவாரண வேலையாகத் தோண்டியது, 1878-ல் ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரைச் சூட்டியது, வடக்கே பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை நீண்டது, எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் சரக்கேற்றிய படகை எப்படி நகர்த்தினார்கள் என்பதுதான் எந்த ஏட்டிலும் இல்லை. அது உங்களிடம் இருந்தது.

முதல் நன்றி படகு இழுத்தவர்களுக்கு. கயிற்றைப் படகின் மூக்கில் கட்டி இழுப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மூக்கில் கட்டினால், கரையில் நடப்பவர் இழுக்கும்போதெல்லாம் மூக்கு கரைப் பக்கமே திரும்பும். சுக்கான் பிடிப்பவர் விடாமல் மல்லுக்கட்ட வேண்டும். மூக்கிலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு பின்னால், குட்டைப் பாய்மரத்தில் கட்டினால் படகு நேராக வரும், கயிறும் கரையோரப் புதரில் மாட்டாது. எதிரே வேறு படகு வந்தால் ஒருவர் நின்று கயிற்றைத் தளர்த்தித் தண்ணீரில் அமிழ விட வேண்டும், மற்றவர் அதன் மேலே போவார். காற்று வாகாக இருந்தால் பாய், ஆழம் குறைந்த இடத்தில் கழி. அடி தட்டையான படகுதான் இங்கே ஓடும். காரணம் நீர்மட்டம் என்றைக்கும் நம் கையில் இல்லை. கூவம், அடையாறு முகத்துவாரங்களை மணல் அடைத்துக்கொண்டால் கடல் ஏற்றம் உள்ளே வராது, கோடையில் மட்டம் இறங்கிப் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும்.

லாக்கு வேலை பார்த்தவர்களுக்கும் இதே இடத்தில் நன்றி. கதவு ஜோடி நேர்கோட்டில் மூடுவதில்லை. உயர்ந்த தண்ணீரைப் பார்த்து மூக்கு நீட்டியபடி சேரும், தண்ணீரின் எடையே அதை இறுக்கும். ஆற்றில் ஏற்றம் இறக்கம் இருப்பதால் எந்தப் பக்கம் உயரம் என்பது நேரத்துக்கு நேரம் மாறும், அதைப் பார்த்துத்தான் கதவைத் தொட வேண்டும். படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, எதிர்ப்பக்கச் சிறு மடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பது. அவசரப்பட்டு முழுக்கத் திறந்தால் உள்ளே தண்ணீர் சுழன்று படகைச் சுவரில் மோதும். மட்டம் இறங்கும்போது கட்டிய கயிற்றை விட்டுக்கொடுக்காவிட்டால் படகு ஒரு பக்கம் தொங்கிச் சரக்கு சாயும். கதவு வந்து முட்டும் கீழ்ப்படியில் ஒரு விறகுத் துண்டு சிக்கினாலே போதும், கதவு முழுக்கச் சேராது; இரவெல்லாம் ஒழுகும். கதவு கெட்டதுக்கு மரம் இற்றுப்போனதைவிடப் படியில் சேர்ந்த வண்டலே பெரிய காரணம் என்று நீங்கள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறோம்.

சூளைக்காரர்களே, உங்களுக்குத்தான் கடன் அதிகம். கிளிஞ்சல் கிடைத்தது எண்ணூர், பழவேற்காடு உப்பங்கழிகளில். அங்கேயே சுட்டுச் சுண்ணாம்பாக்கி அனுப்பாமல், பச்சைக் கிளிஞ்சலாகச் சுமந்து வந்து நகரத்துக் கரையில் ஏன் சுட வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொன்னீர்கள்: சுட்ட சுண்ணாம்பும் ஒழுகும் படகும் சேராது. உண்மைதான். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்துப் பொங்கும், பக்கத்தில் பாயோ ஓலையோ இருந்தால் தீப்பிடிக்கவும் செய்யும். பாரம் என்று பார்த்தால் சுட்ட பிறகு கொண்டுவருவதுதான் லாபம்: 100 கிலோ சுத்தமான கிளிஞ்சல் சூளையில் 56 கிலோவாகக் குறைந்துவிடும். அந்த லாபத்தை விட்டுக்கொடுத்ததற்குப் படகின் அடிப்பலகைதான் காரணம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அடுத்தது கழுவுவது. உப்பங்கழிக் கிளிஞ்சலை நல்ல தண்ணீரில் அலசாமல் சுட்டால் சூளையில் ஒன்றும் தெரியாது. பூசிய சுவரில்தான் தெரியும். மழைக்கு மழை உப்புப் பூத்து, வெள்ளைப் பூச்சு செதில் செதிலாக உதிரும். அலசிக் காயவைத்த கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கு மாற்றி அடுக்கி, அடியில் காற்றுக்கு வழி விட்டுச் சுடுவது. கரி கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. சூடு போதாவிட்டால் ஓட்டின் நடுப்பகுதி வேகாமல் கல்லாக நிற்கும், தண்ணீர் விட்டாலும் நீறாது, அதாவது பொடிந்து மாவாகாது, சலித்து எறிய வேண்டியதுதான். சூடு மிஞ்சினால் ஆபத்து இன்னும் மோசம்: அந்தச் சுண்ணாம்பு உடனே நீறாமல் சோம்பிக் கிடந்து, சுவரில் பூசிய பிறகு மாதக்கணக்கில் ஈரம் இழுத்து வீங்கும், பூச்சில் அம்மைத் தழும்புபோலக் குழி விழும். அதனால்தான் நீற்றிய சுண்ணாம்பை உடனே எடுக்காமல் குழியில் தண்ணீரோடு ஊறவிட்டார்கள். எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனைக்கு அது வெண்ணெய்ப் பதம் வரும்.

அரைப்பதைக் காட்டவும் ஒருவர் முன்வந்தார். வட்டப் பள்ளத்தில் மாடு இழுக்கும் கல் சக்கரம் இப்போது இல்லை. கையளவு சுண்ணாம்பை அம்மியில் வைத்தே காட்டினார். சுவர் கட்ட ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், பூச்சுக்கு இரண்டு பங்கு. ஈரம் தங்கும் இடமென்றால் மணலில் கொஞ்சத்தைக் குறைத்துச் செங்கல் தூள் சேர்க்க வேண்டும், வெறும் கிளிஞ்சல் சுண்ணாம்பு காற்றுப் படாத ஈரத்தில் இறுகாது. கடுக்காயை உடைத்து வெல்லத்தோடு ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்தார். கரண்டியில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் விழக் கூடாது. விழவில்லை.

விறகுத் தொட்டிக்காரர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள், ஒளிக்காமலும் சொன்னார்கள். மெட்ரிக் அளவு வருவதற்கு முன் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு கண்டி. மணங்கு 25 பவுண்டு, நம் கணக்கில் 11 கிலோவுக்குச் சற்று மேல். சவுக்குதான் முக்கியச் சரக்கு. பருத்த அடிக்கட்டை பிளக்க, நேரான கழி சாரம் கட்ட, மிலாறு என்ற சுள்ளி அடுப்புக்கும் சூளைக்கும், வேர்க்கட்டை தனி விலை. பச்சை விறகு காயும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும், ஆகவே வாங்கியவனுக்கும் விற்றவனுக்கும் எப்போதும் சண்டை. காய்ந்ததா என்று பார்க்க மூன்று வழி சொன்னீர்கள்: வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை கையோடு வர வேண்டும், இரண்டு கட்டையைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். வெட்டுமுகத்தை மட்டும் வெயிலில் காட்டி ஏமாற்றலாம், ஓசையை ஏமாற்ற முடியாது. இதைச் சொன்னவரே ஏமாற்றும் வழியையும் சொன்னார் என்பதால் அவருக்கு இரட்டை நன்றி!

உப்புச் சுமந்தவர்களுக்கு: பேசின் பிரிட்ஜ் பக்கம் சால்ட் கொட்டார்ஸ் என்ற பெயர் ரயில்வேயில் இன்னும் இருப்பதால் உப்புக் கிடங்கு இருந்தது ஊருக்குத் தெரியும். உப்பு ஏற்றிய படகில் முதலில் போவது ஆணிதான் என்பது தெரியாது. மரம் நன்றாக இருக்கும், இரும்பு ஆணி துருப்பிடித்து மரத்துளை பெரிதாகி ஒழுக ஆரம்பிக்கும். அதை அடைக்கும் கலப்பத்து வேலையை, பஞ்சைத் திரித்துப் பலகை இடுக்கில் உளியால் ஏற்றிக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவதை, ஒரு பழைய பலகையிலேயே செய்து காட்டிய தச்சருக்கு நன்றி. பலகை ஈரமாக இருக்கும்போது பூசினால் ஒட்டாது. காயவிட்டால் பலகை சுருங்கி இடுக்கு அகலும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது, அது கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அந்த இடத்தை நாங்கள் படத்தோடு விட்டுவிட்டோம்.

சலவைத் தொழில் செய்தவர்கள் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்தினீர்கள். கரையில் துவைத்தார்கள் என்றால் கால்வாய்த் தண்ணீரில் துவைத்தார்கள் என்று பொருளல்ல. உவர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கரையில் கிணறு தோண்டித்தான் துவைத்தீர்கள். கரை வேண்டியிருந்தது துணி உலர்த்தும் வெட்டவெளிக்காக.

பறக்கும் ரயில் வந்துதான் கால்வாய்த் தொழில்களை அழித்தது என்று பேசுகிறார்கள். தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்பதால் அப்படித் தோன்றுகிறது. ரயில் சேப்பாக்கம் வரை வந்தது 1995-ல், மயிலாப்பூர் வந்தது 1997-ல். சிமென்ட் சூளையையும், கேஸ் அடுப்பு விறகுத் தொட்டியையும், லாரி படகையும் அதற்கு வெகுமுன்பே முடித்துவிட்டன. 1960-களின் புயல்களில் உடைந்த கரையும் சேர்ந்த வண்டலும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. சாக்கடைக் கழிவு வந்து சேர்ந்த பிறகு தூர்வாரக் கேட்கவும் ஆளில்லை, படகே ஓடாத கால்வாயை யார் கேட்பார்கள்? இந்த வரிசையை உங்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரி சொன்னீர்கள். தொகுப்பிலும் அந்த வரிசையில்தான் இருக்கிறது, ரயில் கடைசியில்.

இரவல் தந்த வீசைக் கற்கள், தராசுத் தட்டு, சூளைக் கிளறும் கம்பி, பழைய புகைப்படங்கள் எல்லாவற்றையும் தந்தவர் வீட்டிலேயே கொண்டுவந்து ஒப்படைப்போம். புகைப்படங்களுக்கு ஒரு நகலும் சேர்த்து வரும். தொகுப்பின் அச்சுப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று உண்டு. சூளைப் பகுதியை மட்டும் அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை படித்துக் காட்டுவோம். கரி அடுக்கும் கனத்தில் வடகரைக்காரர்களுக்கும் தென்கரைக்காரர்களுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.

இப்படிக்கு,
தொகுப்பு வேலையில் இருந்தவர்கள்