ரீஸுக்கு ஒரு கணக்கு, ஆம்ஸ்ட்ராங்குக்கு ஒரு கணக்கா?

யுசிஐ என்கிற சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தாருக்கு,

வணக்கம். ஜூலை வந்தால் மூன்று வாரம் ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்க்கிற ஆள் நான், அவ்வளவுதான். என் ஆதங்கம் அந்தப் பந்தயத்தின் வெற்றியாளர் பட்டியல் பற்றியது.

1999 முதல் 2005 வரை ஏழு வருடம் காலி. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்களைப் பறித்து ஆயுள் தடை போட்டது அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, 2012-ல் நீங்களும் ஏற்றுக்கொண்டீர்கள். சரி, செய்ததற்கு அனுபவிக்கட்டும். ஆனால் 1996-ல் பியார்னே ரீஸ் பெயர் இன்னும் இருக்கிறதே? ஈபிஓ என்கிற, ரத்தத்தில் சிவப்பணுவைக் கூட்டும் ஊக்கமருந்தைப் போட்டதை 2007-ல் அவரே ஒப்புக்கொண்டார். பழைய குற்றத்துக்கு நடவடிக்கை எடுக்க இருக்கும் எட்டு வருட வரம்பு தாண்டிவிட்டதாம். ஆம்ஸ்ட்ராங்குக்கு மட்டும் அது பொருந்தாது, ஏனென்றால் பொய் சொல்லி மறைத்தாராம். ரீஸ் மட்டும் 11 வருடம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டா திரிந்தார்?

ஆம்ஸ்ட்ராங்குக்கு எதிராகச் சாட்சி சொன்ன, தாங்களும் ஊக்கமருந்து போட்ட அணித்தோழர்களுக்கு ஆறே மாதத் தடை, அதுவும் பந்தயங்கள் ஓய்ந்திருக்கும் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை, பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும்போது வராதே என்று சொன்ன மாதிரி. உண்மையைச் சொன்னவர்களுக்குச் சலுகை வேண்டும், அதில் சண்டை இல்லை.

ஆனால் பிரெஞ்சு வீரர் கிறிஸ்டோஃப் பாசோனை நினைத்தால்தான் ஆறவில்லை. அவர் இருந்த ஃபெஸ்டினா அணியே ஊக்கமருந்து ஊசியில் ஓடியபோது மாட்டேன் என்று நின்றவர். 1999 டூரில் ஊக்கமருந்து பற்றிப் பத்திரிகையில் எழுதினார் என்பதற்காக, ஓடுகிற பந்தயத்திலேயே ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து வீட்டுக்குப் போ என்றார். சக வீரர்கள் யாரும் அவர் பக்கம் நிற்கவில்லை. சில நாளில் போயும்விட்டார். அதே பாசோன் 2012-ல் ஒரு மலைச் சைக்கிள் பந்தயத்தைப் பாதியில் விட்டுக் கிளம்பியதால் சோதனைக்கு வரவில்லை என்று பிரெஞ்சு சம்மேளனம் ஒரு வருடத் தடை போட்டது! மேல்முறையீட்டில் ஒரு மாதமாகக் குறைந்தது, உண்மைதான். ஆனாலும் முதலில் எழுதிய கணக்கைப் பாருங்கள்: ஊசி போட்டவருக்கு ஆறு மாதம், போடாதவருக்குப் பன்னிரண்டு.

அப்புறம் உங்கள் பங்கு. அதே 1999 டூரில் ஆம்ஸ்ட்ராங்கின் சிறுநீரில் கார்ட்டிகோஸ்டீராய்டு என்கிற தடை மருந்து தெரிந்தது. சைக்கிள் இருக்கையில் உட்கார்ந்து வந்த புண்ணுக்குக் களிம்பு தடவினேன் என்று முன்தேதி போட்ட மருந்துச் சீட்டு ஒன்று வந்தது, நீங்களும் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். நான் சொல்லவில்லை, நீங்களே அமைத்த விசாரணைக் குழு 2015-ல் சொன்னது. அன்றைக்கே விதிப்படி நடந்திருந்தால் அந்த ஏழு வருடக் கூத்தில் பாதியாவது நடந்திருக்குமா? அதற்காக உங்கள் அலுவலகத்தில் யாரும் தடை வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

பாசோனுக்கு எப்போதாவது ஒரு மன்னிப்புக் கடிதம் போட்டீர்களா? போட்டிருந்தால் அதை வெளியிடுங்கள். இல்லையென்றால் இந்த வாரமே எழுதுங்கள்.