வீம்பா, வைராக்கியமா?

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிவிட்டது. அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார், அந்த அலைச்சலில் உடனே எழுத முடியவில்லை. எலும்பு முறியவில்லை, இடுப்பில் ஊமைக்காயம்தான். ஆனால் வாங்கிக் கொடுத்த கைத்தடியைத் தொடமாட்டேன் என்கிறார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, பிடியில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. "எண்பது வயசுல என்னப்பா இந்த அடம்" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

அப்புறம் ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், கூடத்து இருட்டில் ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடந்துகொண்டிருக்கிறார். முனைக்குப் போனதும் கையை எடுத்துவிட்டு நாலு எட்டு தனியாக வைக்கிறார், நின்று மூச்சு வாங்கிக்கொண்டு திரும்புகிறார். நான் சத்தம் போடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். காலையில் அவர் குடித்து வைத்த காபி டம்ளரில் சுண்ணாம்பு விரல்தடம் இருந்தது. மனசு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது மாப்பிள்ளை.

இந்தப் பிடிவாதத்துக்கு நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது பார். பிள்ளை செய்தால் அடம், மாடு செய்தால் முரண்டு, சண்டைக்காரன் செய்தால் வீம்பு. ஜெயித்தவனுக்கு மட்டும் வைராக்கியம் என்ற பெயரை எடுத்து வைத்திருக்கிறோம், அது சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. நம்ம விருதுநகரில் தியாகி சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27இல் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வை என்பது அவர் கேட்ட பன்னிரண்டில் ஒன்று. இரண்டரை மாதம் கழித்து அக்டோபர் 13இல் உயிர் போனபோது அந்தப் பெயர் கிடைக்கவில்லை. சட்டமன்றத்தில் தீர்மானம் வந்ததே 1967இல், பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 பொங்கல் அன்று. அவர் செத்த அன்றைக்குக் கணக்குப் பார்த்திருந்தால் அது வெறும் பிடிவாதம்தானே?

எனக்குப் படுவது இதுதான். வீம்புக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும், அவன் முகம் சுண்டுவதைப் பார்க்க வேண்டும். வைராக்கியத்துக்கு அது வேண்டாம், இருட்டில் யாரும் பார்க்காத நேரத்திலும் அது நடக்கும்.

உன் தம்பியோடு நீ பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தக் கிணற்றுப் பங்குக்காகத்தான் ஆரம்பித்தது, கிணறும் தூர்ந்து போய் வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. அவன் இல்லாத இடத்தில் உனக்கு இந்தக் கோபம் இருக்குமா என்று ஒருதரம் யோசித்துப் பார். உன்னிடம் இதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

பங்குனிப் பொங்கலுக்கு வா, நம் வீட்டிலேயே தங்கலாம். அப்பாவும் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உன் தம்பியையும் கூப்பிட்டிருக்கிறேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். இதற்காக வராமல் இருந்துவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்