கால்கட்டு இல்லாத பலகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நீர் விளையாட்டுகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, வேக்ஸ்கேட்டிங்கும் வேக்போர்டிங்கும் ஒன்றே என்பதுபோல் எழுதப்பட்டிருந்தது. படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்தபடி பலகைமேல் நின்று நீரில் சறுக்குவது இரண்டுக்கும் பொது என்றாலும், வேக்போர்டில் கால்கள் பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். வேக்ஸ்கேட்டிலோ காலணி அணிந்த வீரர், உப்புத்தாள்போல் சொரசொரப்பான பரப்பின் மீது வெறுமனே நிற்கிறார். குதித்தெழும்போது பலகையைக் காலடியில் ஒருமுறை சுழலவிட்டு, மீண்டும் அதன்மேலேயே இறங்க வேண்டும். சற்றுப் பிசகினாலும் பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

1990-களில் அமெரிக்க வேக்போர்டு வீரர்கள் சிலர், தெருவில் ஓடும் ஸ்கேட்போர்டின் வித்தைகளை நீருக்குக் கொண்டுவர முயன்றதில் பிறந்தது இது. அவர்களுள் ஸ்காட் பையர்லி, தாமஸ் ஹொரெல் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். ஹொரெல் தொடங்கிய கேசட் நிறுவனம் இவ்வகைப் பலகைகளுக்கென்றே உருவானது.

ஆனால் இந்த விளையாட்டைப் பரப்பியதில் படகைவிட விஞ்சுக்கே பங்கு அதிகம் என்பேன். சிறு பெட்ரோல் எஞ்சினும் கயிற்றுருளையும் கொண்ட அந்தக் கருவியைக் கரையில் ஊன்றிவிட்டால், படகு நுழைய முடியாத வாய்க்காலும் ஆழமற்ற குட்டையும்கூடக் களமாகிவிடும். பிலிப்பைன்ஸின் பனாவே மலைச்சரிவிலுள்ள படிக்கட்டு வயல்களில் பிரையன் கிரப், டொமினிக் பிரைஸ்னர் ஆகிய இருவரும் சறுக்கிக் காட்டியது, ஒரு பாத்தியிலிருந்து கீழ்ப்பாத்திக்குத் தாவியது எல்லாம் அப்படித்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்