ஏழு நாளில் குறைவது கொழுப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் 'ஏழே நாளில் ஐந்து கிலோ' என்று ஜி.எம். டயட் பட்டியல் வந்திருந்தது. முதல் நாள் பழம் மட்டும், மறுநாள் காய்கறி மட்டும், நான்காம் நாள் வாழைப்பழமும் பாலும் என்று போகும் அந்தப் பட்டியல் பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றுவதுதான். ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) என்ற அமெரிக்கக் கார் நிறுவனம் தன் ஊழியர்களுக்காக உருவாக்கியது என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் நாளிதழில் அச்சேறினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி நாளைக்கே தொடங்குபவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

தராசில் எடை இறங்குவது உண்மை. நம் ஈரலிலும் தசையிலும் 400 முதல் 500 கிராம் வரை மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிப்பில் இருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறும் இட்லியும் நின்றால் சில நாளிலேயே அந்தச் சேமிப்பில் பெரும்பகுதி காலியாகி, தண்ணீர் சிறுநீரோடு போய்விடும். ஒன்றரை, இரண்டு கிலோ இப்படியே இறங்கும். உப்பைக் குறைத்ததால் இன்னும் கொஞ்சம் நீர் இறங்கும். கொழுப்பின் கணக்கு வேறு. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஐந்து கிலோவுக்கு 38,500. நாளுக்கு 2,000 கலோரி செலவழிப்பவர் வாரம் முழுக்கப் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் 14,000ஐத் தாண்ட முடியாது. எட்டாம் நாள் ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டதும் முள் ஏறுவது இதனால்தான்.

தண்ணீர் போனால் திரும்பி வரும். தசை போனால் அவ்வளவு எளிதில் வராது. நான்காம் நாளின் எட்டு வாழைப்பழத்திலும் மூன்று டம்ளர் பாலிலும் சேர்த்துப் புரதம் 30 கிராம் அளவுதான். 70 கிலோ எடையுள்ளவருக்குத் தினமும் சுமார் 58 கிராம் வேண்டும். குறைவதைத் தசையைக் கரைத்து உடல் ஈடுகட்டும். தசை குறையக் குறைய, சும்மா இருக்கும்போது எரியும் கலோரியும் குறையும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும்போது எடை கூடும், பெரும்பாலும் கொழுப்பாக. இரண்டு மூன்று மாதம் கழித்துச் சிலருக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும். அதற்குள் டயட்டை மறந்துபோய் ஷாம்பூவை மாற்றுவார்கள். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைந்தால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடுகிறது.

மாத்திரை சாப்பிடுபவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகைச் சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டை வெட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற வேறு வகைச் சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் கீட்டோ, பேலியோ என்று மாவுச்சத்தை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். மோசம் என்னவென்றால், குளுக்கோமீட்டர் அப்போதும் சாதாரண அளவையே காட்டக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போன பிறகே தெரியவரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அந்தப் பட்டியலின் வாழைப்பழமும் தக்காளியும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும்.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் பெண்களில் 40 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடையோடு இருக்கிறார்கள். இவ்வளவு பேருக்கும் வழி நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

அரிசியை உலையில் போடும்போதே அளக்க வேண்டும். தட்டில் குறைத்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. பானையில் சோறு இருந்தால் ரசத்துக்கு ஒரு கரண்டி, மோருக்கு ஒரு கரண்டி என்று போய்க்கொண்டே இருக்கும். ஓர் ஆழாக்கு அரிசி சுமார் 140 கிராம், 490 கலோரி. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு மதியத்துக்கு அரை ஆழாக்கு போதும். அந்த இடத்தை இரண்டு பங்கு பொரியல், கெட்டியான சாம்பார், ஒரு முட்டை அல்லது மீன் அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் நிரப்பட்டும். அவற்றை முதலில் சாப்பிட்டால் சோறு தானாகக் குறையும். சோற்றுக்குப் பதில் சாமை, வரகு என்று மாற்றி அதே அளவு சாப்பிட்டால் எடை அசையாது. நார்ச்சத்து கூடுதல்தான், கலோரி ஏறக்குறைய அரிசியின் அளவே. கொள்ளும் அப்படித்தான். 100 கிராமில் 22 கிராம் புரதம் இருப்பதால் பசி தாங்கும், கொழுப்பை உருக்காது.

அடுத்தது எண்ணெய். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 2 லிட்டர் போதும். 4 லிட்டர் வாங்கினால் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 140 கலோரி கூடுகிறது, அதாவது அரை மணி நேரம் வேகமாக நடந்து எரிப்பது. கேனிலிருந்து தோசைக்கல்லில் நேரடியாக ஊற்றுவதுதான் கோளாறு. 5 மில்லி ஸ்பூன் ஒன்றை எண்ணெய்ச் சட்டியிலேயே போட்டுவைத்தால் போதும். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் அதுவே 160 கலோரி. வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் கரையும் என்பதும் வீண். ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரி இருக்கிறது.

இவற்றில் நாளுக்கு 400, 500 கலோரி குறைந்தால் வாரம் அரைக் கிலோ வரை இறங்கும். 80 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் தணியத் தொடங்கும். தசை போகாமலிருக்க, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துப் பதினைந்து தடவை எழுந்து உட்காருவதை வாரம் மூன்று நாளாவது செய்ய வேண்டும். எடையை வாரம் ஒருமுறை, காலைக்கடன் முடித்ததும், வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். மாதவிலக்கை ஒட்டி ஒரு கிலோ ஏறினால் அது நீர்தான். இடுப்புச் சுற்றளவையும் அளக்கட்டும்: ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

இனி இத்தகைய பட்டியல் எதையும் வெளியிட நேர்ந்தால், நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது என்ற வரியைத் தலைப்புக்குக் கீழேயே, தலைப்பின் பாதி அளவு எழுத்திலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்,
மதுரை