நிசேயாவில் வேதாகமத்துக்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கி.பி. 325இல் நிசேயாவில் (இன்றைய துருக்கியில்) கூடிய பேராயர்கள் வாக்கெடுத்துத்தான் வேதாகமப் புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. பலரும் நம்பும் இந்தச் செய்திக்கு ஆதாரம் இல்லை.

அந்தச் சங்கம் கூடியது, குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுஸின் போதனையைப் பற்றி முடிவெடுக்க. ஈஸ்டர் நாளைப் பற்றியும் பேசினார்கள். அவர்கள் வகுத்த 20 விதிகளில் ஒன்றுகூட எந்தப் புத்தகத்தைச் சேர்ப்பது என்பதைப் பற்றியதல்ல. அதற்கு வெகு முன்பே, 180 வாக்கில், லியோன் நகரப் பேராயர் ஐரேனியுஸ் சுவிசேஷங்கள் நான்குதான் என்று உறுதியாக எழுதிவிட்டார். எபிரெயர், 2 பேதுரு, வெளிப்படுத்தல் பற்றிச் சபைகளில் நெடுநாள் தயக்கம் இருந்தது உண்மை. புதிய ஏற்பாட்டின் இன்றைய 27 புத்தகங்களும் ஒரே பட்டியலாகக் கிடைப்பது 367இல் அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தநாசியுஸ் எழுதிய மடலில். எந்த அரசனும் கட்டளையிட்டு வந்ததல்ல இது. ஆராதனையில் வாசித்து வாசித்துச் சபைகள் ஏற்றுக்கொண்டவை.

சரி, படியெடுத்தவர்கள் மாற்றியிருக்கலாமே என்பார்கள். 1947இல் சவக்கடல் அருகே கும்ரான் குகையில் ஏசாயா சுருள் கிடைத்தது. அதுவரை நம்மிடம் இருந்த எபிரெயப் படிகளைவிட அது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பழையது. வேறுபாடுகள் உண்டு, பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில். ஆனால் 66 அதிகாரங்களும் இன்று நாம் வாசிக்கும் அதே ஏசாயாதான்.

இதைச் சொல்லும்போதே நம் பிரசங்கிமாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். “ஒரு எழுத்துகூட மாறவில்லை” என்று மேடையில் முழங்காதீர்கள். மாற்கு 16:9-20, நான்காம் நூற்றாண்டின் கிரேக்கப் படிகளான சினாய், வத்திக்கான் சுவடிகளில் இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் சம்பவமும் அவற்றில் இல்லை. பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் மூவர் என்ற 1 யோவான் 5:7 பழைய கிரேக்கப் படிகள் எதிலும் கிடையாது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்மஸ் முதல் இரண்டு பதிப்புகளில் அதை விட்டுவிட்டு, 1522இல்தான் சேர்த்தார். திரித்துவ விசுவாசம் அந்த ஒரு வசனத்தில் நிற்கவில்லை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கும்படி மத்தேயு 28:19இல் இயேசுவே சொல்லியிருக்கிறார். பிறகு எதற்கு மறைக்க வேண்டும்? கல்லூரிக்குப் போன பிள்ளை இதைக் கைப்பேசியில் படித்துவிட்டு, சபை தன்னிடம் பொய் சொன்னதாக நினைக்கிறது. வசனம் அல்ல, நம் மௌனம்தான் அந்தப் பிள்ளையை இடறப்பண்ணுகிறது.

இந்த வேறுபாடுகளை நாம் அறிந்திருப்பதே ஏராளமான படிகள் பல நாடுகளில் பிழைத்திருப்பதால்தான். ஒரு ஊரில் நுழைந்த பிழையை இன்னொரு ஊர்ப் படி காட்டிக்கொடுத்துவிடும். தேவன் இதன் வழியாகப் பேசினார் என்பதைச் சுவடிகள் நிரூபிக்காது, அது விசுவாசம். எனக்கு அந்த விசுவாசம் உண்டு, இவ்வளவும் தெரிந்த பிறகும்.

ஞாயிறு பள்ளியின் மேல்வகுப்புகளிலாவது சுவடிகளின் வரலாற்றைப் பாடமாக வைக்கும்படி திருச்சபைத் தலைவர்களைத் தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்,
நாகர்கோவில்.